முதலில் வந்தவர் மட்டும்தான் ஓடினாரா?

பள்ளி விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். எட்டுப் பேரும் ஓடுகிறார்கள். எட்டுப் பேரும் கோட்டைத் தாண்டுகிறார்கள். ஆனால் அன்று சாயந்திரம் வாட்ஸ்அப் குழுவில் வருகிற படங்களைப் பாருங்கள். முதலில் வந்தவர் நெஞ்சை நிமிர்த்தி வருகிற படம் ஒன்று. மேடையில் மூன்று பேர் மெடலோடு நிற்கிற படம் ஒன்று. பரிசு கொடுத்த பிரமுகரின் படம் ஐந்து. மீதி ஐந்து பிள்ளைகள் எங்கே போனார்கள்? அவர்களும் அன்றைக்கு ஓடினார்கள் என்பதற்கு என்ன சாட்சி?

இது ஒரு தர்மக் கேள்வி என்று சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "படம்தானே மச்சான், இதுல என்ன தர்மம்?" என்கிறார்கள். இதில் தர்மம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று இந்தக் கட்டுரையில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, யோசித்துப் பாருங்கள்.

நான் பிரிஞ்சாங்கில் வளர்ந்தவன். இப்போது மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேமரன் மலைப் பள்ளிகளின் திடல்தடப் போட்டிகளுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். சம்பளம் கிடையாது. மதியம் ஒரு பொட்டலம் நாசி லெமாக், ஒரு டீ. அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பரபரப்பான இடம் என்று. ஒரு பக்கம் 100 மீட்டர் தகுதிச் சுற்று. அதே நேரத்தில் திடலின் மூலையில் குண்டு எறிதல். இன்னொரு பக்கம் மணல் குழியில் நீளம் தாண்டுதல். ஒலிபெருக்கியில் அறிவிப்பு மேல் அறிவிப்பு. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு இல்லங்களின் கூடாரங்களிலும் கொட்டு முழக்கம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதால், பதினோரு மணிக்குப் பளிச்சென்று இருக்கும் வெயில் பன்னிரண்டு மணிக்குப் பனிமூட்டத்தில் காணாமல் போய்விடும். கையில் ஒரு கேமரா, கண் இரண்டு, நடக்கிற போட்டியோ ஐந்து. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்றால், எதை எடுக்கிறோம் என்பது ஒரு முடிவு. முடிவு என்று வந்துவிட்டால், அதற்குப் பொறுப்பும் உண்டு.

நூற்றில் ஒரு பங்கு

"கேமரா பொய் சொல்லாது" என்று சொல்வார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓடுகிற ஆளைத் தெளிவாக எடுக்க ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைக்கிறோம். ஒரு நொடிக்கு எட்டு மீட்டர் ஓடுகிற மாணவர் அந்த நேரத்துக்குள் எட்டு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருப்பார். அதனால்தான் படம் கலங்காமல் வருகிறது. இப்போது தொடர்ச்சியாக நொடிக்குப் பத்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 13 நொடி ஓட்டத்தில் 130 படம். அடேயப்பா, எவ்வளவு படம்! ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. மொத்தமாகக் கூட்டினால் 0.13 நொடி. 13 நொடியில் 0.13 நொடி, அதாவது நூற்றில் ஒரு பங்கு. மீதி 99 பங்கு நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தது.

அது பார்த்த அந்த ஒரு பங்கிலும் சட்டத்துக்குள் இருந்தது ஒருவரோ இருவரோதான். அதாவது, கேமரா பொய் சொல்லாது, ஆனால் பெரும்பாலும் பேசவே பேசாது. எதைப் பேச வேண்டும் என்று முடிவு செய்வது அதைப் பிடித்திருக்கிற கை.

யாரையும் தேர்ந்தெடுக்காத கேமராவும் ஒன்று உண்டு. பெரிய போட்டிகளில் முடிவுக்கோட்டில் வைக்கிறார்களே, ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா, அதுதான். ஒரு மெல்லிய பிளவு வழியாக அது கோட்டை மட்டும் பார்க்கும். அந்தக் கோட்டில் நடப்பதை நொடிக்கு ஆயிரக்கணக்கான கீற்றுகளாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் இல்லை, நேரம். யார் முகமும் அதற்கு முக்கியமில்லை. முதலில் வந்தவரும் எட்டாவதாக வந்தவரும் அதற்கு ஒன்றுதான். தலையும் கையும்கூடக் கணக்கில் வராது. உடம்பு கோட்டைத் தொட்டதா என்பதுதான் கணக்கு.

1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நான்காவதாக வந்தார். அவர் நேரம் 55.42 நொடி. மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு நொடி. உஷாவின் சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அந்த ஏழு சென்டிமீட்டரைச் சொல்ல இயந்திரம் வேண்டியிருந்தது. அது நியாயமான இயந்திரம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு யார் எப்போது வந்தார் என்று மட்டும்தான் தெரியும். அந்த ஓட்டம் அவருக்கு என்னவாக இருந்தது என்று தெரியாது. அதைச் சொல்ல மனிதக் கை பிடித்த கேமராதான் வேண்டும். மனிதக் கை என்றால் தேர்வு. தேர்வு என்றால் பாரபட்சம் வர வழி உண்டு.

அர்ஜுனன் கண், சஞ்சயன் கண்

நம் பண்பாட்டு வகுப்புகளில் துரோணர் வைத்த சோதனையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. மரத்தில் ஒரு பறவைப் பொம்மை. என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். மரம் தெரிகிறது, தம்பிகள் தெரிகிறார்கள், நீங்களும் தெரிகிறீர்கள் என்று சொன்னவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்கிறார். பறவையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்று சொன்ன அர்ஜுனனை மட்டும் அம்பு விடச் சொல்கிறார்.

தன்முனைப்பு உரைகளில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓடுகிறவருக்கு இந்தக் கண் வேண்டும், மறுக்கவில்லை. பக்கத்துக் கோட்டில் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தவர் தோற்றுப்போவார். ஆனால் படம் எடுக்கிறவருக்கும் இதே கண் போதுமா? வெற்றி பெறப்போகிறவரின் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் நல்ல வில்லாளியாக இருக்கலாம். நல்ல சாட்சி இல்லை.

அதே பாரதத்தில் இன்னொரு கண் இருக்கிறது. சஞ்சயனின் கண். நாம் கேட்டு வளர்ந்த கதையில், வியாசர் கொடுத்த பார்வையால் அரண்மனையில் இருந்தபடியே போர்க்களம் முழுவதையும் பார்த்து, பார்வையில்லாத திருதராஷ்டிரனுக்குச் சொல்கிறான். அரசன் தன் பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் கேட்கிறான். சஞ்சயன் அவனுக்குப் பிடித்ததை மட்டும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் பார்க்கிறான், வென்றவரையும் சொல்கிறான், விழுந்தவரையும் சொல்கிறான்.

நம் ஊர் விளையாட்டுப் போட்டிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பெற்றோரில் எத்தனை பேர் போட்டிக்கு வர முடிகிறது? தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்குச் சோளம் ஏற்றுகிறவர், ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர். போட்டி நடக்கிற நாளில் இவர்களுக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு நாள் சம்பளம் போகும். அவர்கள் பார்வை இல்லாதவர்கள் அல்ல, ஆனால் அந்தத் திடலைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள். சாயந்திரம் போனைத் திறந்து, "எம்பிள்ள ஓடுச்சா? எப்படி ஓடுச்சு?" என்று தேடுகிறார்கள். அவர்களுக்கு அந்தப் படம்தான் சஞ்சயன். ஏழாவதாக வந்த பிள்ளையின் அம்மாவுக்கும் அதே ஆசைதான். இங்கே நிஜமாகப் பணயமாக இருப்பது அதுதான்.

1964-இல் டோக்கியோவில்

நம் சமூகத்தில் ஓட்டப்பந்தயம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் டாக்டர் மணி ஜெகதீசன், "பறக்கும் மருத்துவர்". 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் அரையிறுதி வரை போனவர். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 × 100 மீட்டர் தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். அதே போட்டியில் எம். ராஜமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள், நின்றது. இவர்களைப் படம் எடுத்ததும் கொண்டாடியதும் முழுக்க முழுக்க நியாயம். அதில் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

அதே 1964 டோக்கியோவில் இன்னொருவரும் ஓடினார். இலங்கையிலிருந்து வந்த கருணானந்தா. 10,000 மீட்டர், 25 சுற்று. அமெரிக்காவின் பில்லி மில்ஸ் முதலில் வந்து வெற்றிக் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்துவிட்டார்கள். கருணானந்தாவுக்கு இன்னும் சுற்றுகள் பாக்கி. அவர் நிற்கவில்லை. தனி ஆளாக ஓடிக்கொண்டே இருந்தார். முதலில் சிரித்த கூட்டம் கடைசியில் எழுந்து நின்று கை தட்டியது. பிறகு ஜப்பானியப் பள்ளிப் பாடநூலிலேயே அவர் கதை இடம் பிடித்தது.

அந்த ஒலிம்பிக்கை ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிகாவா ஆவணப்படமாக எடுத்தார், 1965-இல் வெளியானது. அதில் சாட் நாட்டிலிருந்து வந்த அகமது இசா என்கிற 800 மீட்டர் ஓட்டக்காரரோடு கேமரா நிறைய நேரம் கூடவே போகிறது. அவர் இறுதிச் சுற்றுக்குக்கூட வரவில்லை. தனியாகச் சாப்பிடுகிறார், ஊரில் நடக்கிறார், ஓடுகிறார், தோற்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு ஒலிம்பிக் பொறுப்பில் இருந்த ஜப்பானிய அமைச்சரே குறைப்பட்டுக்கொண்டார், போட்டியின் பதிவாக இது இல்லை என்று. ஆனால் இன்றைக்கும் விளையாட்டைப் பற்றிய மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக அதைத்தான் சொல்கிறார்கள். வென்றவர்களின் பட்டியல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இசா எப்படி ஓடினார் என்பது அந்தப் படம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"ஜெயிச்சவனுக்கு என்ன மரியாதை?"

இங்கே என் நண்பன் குறுக்கே வருவான். அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. "அஞ்சு மாசம் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து குளிர்ல ஓடிப் பழகினவன் ஜெயிச்சான். பேர் கொடுக்க ஆள் இல்லன்னு சிக்கு புடிச்சுத் தள்ளிவிட்டவன் கடைசியா வந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி படம்னா, உழைச்சவனுக்கு என்னடா மரியாதை?"

இதற்கு நம் கோயிலிலேயே பதில் இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடி எடுத்து வந்தவருக்கு மாலை போடுகிறோம். வேடிக்கை பார்க்க வந்தவருக்குப் போடுவதில்லை. ஆனால் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தால், நீ காவடி எடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. வந்தவர் எல்லாருக்கும் இலை உண்டு. மாலை தகுதிக்கு, இலை வந்ததற்கு. இரண்டையும் குழப்பினால்தான் சண்டை வரும்.

மேடைப் படமும் பெரிய அளவில் அச்சிடுகிற படமும் மாலை. அது வென்றவருக்குத்தான். "நீ இன்றைக்கு இங்கே இருந்தாய், ஓடினாய்" என்று சொல்கிற ஒரு படம் இலை. அது எட்டுப் பேருக்கும் உரியது. ஒருவருக்கு இலை போடுவதால் இன்னொருவரின் மாலையில் ஒரு பூகூடக் குறையப் போவதில்லை.

நேரம் இல்லையே என்று சொல்லலாம். இருக்கிறது. படம் எடுக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முதல் ஆள் கோட்டைத் தாண்டிய அடுத்த நொடி எல்லாரும் ஒரே காரியம் செய்வார்கள். தலையைக் குனிந்து கேமராத் திரையைப் பார்ப்பார்கள், படம் நல்லா வந்திருக்கா என்று. சரியாக அந்த நான்கைந்து நொடிக்குள்தான் மற்ற பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். ஆக அவர்களைத் தவறவிடுவது நேரம் இல்லாததால் அல்ல, நாம் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதால். கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும் வரை திரையைப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விதியால் வென்றவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கடைசியாக வருகிற பிள்ளையை முடிவுக்கோட்டில் படம் எடுத்தால், அது அவர் தோற்ற படம். முன்னால் ஆள் யாரும் இல்லை, பின்னால் காலித் திடல். அதைக் கொடுத்தால் மரியாதையா, குத்திக்காட்டலா? பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். ஆறுதல் பரிசைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் நான் தகுதிச் சுற்றுகளில் முடிவுக்கோட்டில் நிற்பதில்லை. நடுவில், அறுபதாவது மீட்டர் பக்கத்தில் நிற்பேன். அந்த இடத்தில் எட்டுப் பேரும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பல் கடித்திருக்கும், கண் முன்னால் இருக்கும், கை வீசியபடி இருக்கும். அறுபதாவது மீட்டரில் இன்னும் யாரும் தோற்கவில்லை.

விழுந்தவரைப் பார்க்கும்போது

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. எல்லாரையும் படம் எடுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லாரையும் பார்ப்பதும் எல்லாரையும் மதிப்பதும் ஒன்றா?

ஒரு போட்டியில் 200 மீட்டர் ஓட்டம். காலையில் பெய்த தூறலில் புல் வழுக்கியது. வளைவில் ஒரு தங்கை வழுக்கி விழுந்தாள். பதினாலு வயதிருக்கும். நான் திடலின் மறுபக்கம், அறுபது மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தேன். வளைவிலேயே முதலுதவிப் பிள்ளைகள் நின்றார்கள். அவர்கள் கிட்டே போவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். முட்டியில் சேறு. ஓடி முடித்தாள். 200 மி.மீ. லென்ஸில் அவள் விழுந்ததிலிருந்து எழுந்தது வரை ஒன்பது படம் இருந்தது.

அன்று சாயந்திரம் நம் கிளை நண்பர் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்தார். அவருக்கு ஒரே உற்சாகம். "தம்பி, இது போதும்! எழுந்திரிக்கிற படத்தைப் போட்டு, 'விழுந்தாலும் எழுவோம்'னு ஒரு போஸ்டர் பண்ணலாம். எத்தனை பேருக்கு ஊக்கமா இருக்கும் தெரியுமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணிடம் கேட்காமல் முடியாது என்று சொன்னேன். மறுநாள் அவள் ஆசிரியை வழியாகப் படங்களைக் காட்டிக் கேட்டோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எதையும் எங்கயும் போடாதீங்கண்ணே. எனக்கு மட்டும் அனுப்புங்க. அம்மாகிட்ட காட்டணும்" என்றாள். படங்கள் அவளுக்குப் போயின. என் கணினியிலிருந்து அழித்தாகிவிட்டது. யார் என்று அடையாளம் தெரியாமல் இந்த அளவுக்கு எழுதலாமா என்று கேட்டு, சரி என்று அவள் சொன்ன பிறகே இங்கே எழுதுகிறேன்.

நண்பருக்கு வருத்தம். "இதுல அவமானம் எங்கப்பா இருக்கு? பெருமைதானே?" என்றார். நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். அது பெருமை என்று நாம் முடிவு செய்தோம். விழுந்ததும் எழுந்ததும் அவள். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் உரிமையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் எப்படி? நாளைக்கு வகுப்பில் "போஸ்டர்காரி வர்றா" என்று கேலி செய்தால், அதைத் தாங்கப்போவது அவள். ஊக்கம் நமக்கு, சுமை அவளுக்கு என்றால் அது நியாயமில்லை.

1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் பிரிட்டனின் டெரெக் ரெட்மண்டுக்குத் தசை கிழிந்ததும், அவர் அப்பா திடலுக்குள் ஓடிவந்து தோளைக் கொடுத்து முடிவுக்கோடு வரை கூட்டிப்போனதும் உலகமே பார்த்த காட்சி. அதைக் காட்டலாம் என்றால் இதை ஏன் காட்டக் கூடாது? ரெட்மண்ட் வளர்ந்த மனிதர், உலகம் பார்க்கும் என்று தெரிந்தே அந்தத் திடலுக்கு வந்தவர். பிறகு தன் கதையைத் தானே மேடை மேடையாகச் சொன்னவர். பள்ளிப் பிள்ளை உலகத்துக்காக ஓடவில்லை. பச்சை இல்லத்துக்காக ஓடினாள்.

இன்னொரு கேள்வியும் வரும். கண் முன்னால் ஒருவர் விழுந்தால் படம் எடுப்பதா, கை கொடுப்பதா? 1993-இல் சூடானில் பஞ்சத்தில் வாடிய குழந்தையையும் பக்கத்தில் காத்திருந்த கழுகையும் கெவின் கார்ட்டர் எடுத்த படம் மறு ஆண்டு புலிட்சர் விருது பெற்றது. உலகத்தை அந்தப் பஞ்சத்தின் பக்கம் திரும்ப வைத்த படம் அது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? அவ்வளவு பெரிய தேவை இருந்த படத்துக்கே அந்தக் கேள்வி தப்பவில்லை. பள்ளித் திடலில் அப்படி என்ன தேவை இருக்கிறது?

சஞ்சயன் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தானே என்று கேட்கலாம். அவன் தூரத்தில் இருந்தான். கை நீட்டினால் எட்டாத இடம். அதனால்தான் பார்ப்பது மட்டும் அவன் கடமையாக இருந்தது. பத்தடி தள்ளி நிற்கிறவர் சஞ்சயன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அருகில் இருந்தால் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டுக் கை கொடுக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் பார்க்கலாம். ஆனால் நீள லென்ஸில் பார்த்தது மற்றவர் கண்ணுக்கே தெரியாத முகம் என்பதை மறக்கக் கூடாது. கூட்டத்துக்கு அவள் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தாள். அவள் உதடு துடித்ததைப் பார்த்தது லென்ஸ் வைத்திருந்த நான் மட்டும்தான். அப்படிப் பார்த்ததை ஒரு ரகசியத்தைக் காப்பது போலக் காக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகள் கணுக்கால் வரை மூடிய உடையில் வந்தது எதற்காக? தங்கள் உடம்பு எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்வதற்காக. ஓட்டத் தொடக்கத்தில் குனிந்து நிற்கும்போது பின்னாலிருந்தும் தாழ்ந்தும் எடுக்கிற கோணங்கள் வேண்டவே வேண்டாம். உங்கள் சொந்தத் தங்கை அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பாளா என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வந்துவிடும்.

படம் யாருடையது?

கேமரன் மலைக்காரர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. மலை ஏறி வருகிற சுற்றுப்பயணிகள் சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைச் சரிவில் நின்று படம் எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். பச்சை நிறம், பனிமூட்டம், முதுகில் கூடையோடு ஒரு உருவம். நம் பாட்டிமார் எத்தனையோ நாட்டு ஆல்பங்களில் இப்படி இருக்கிறார்கள். பெயர் இல்லை. அதற்கும் முன்பு வெள்ளைக்காரன் காலத்து அஞ்சல் அட்டைகளிலும் தமிழ்க் கூலி, கொழுந்து பறிக்கும் பெண் என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அதே பாட்டியின் வீட்டில் அவர் வேலை செய்கிற படம் ஒன்றாவது இருக்கிறதா? பெரும்பாலும் அடையாள அட்டைப் படமும் கல்யாணப் படமும்தான். இன்றைக்கு அந்தக் கூடையைச் சுமப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் இதே கதைதான்.

எடுக்கப்பட்ட படம் எடுக்கப்பட்டவரின் கைக்கு வராமல் போவதுதான் இதில் இருக்கிற அநியாயம். அது நமக்கு நன்றாகத் தெரியும் என்பதால், நம் கையில் கேமரா வரும்போது அதையே நாம் செய்யக் கூடாது. படம் எடுத்து நம் பக்கத்தில் போட்டு லைக் வாங்குவது முதல் வேலை இல்லை. படத்தில் இருக்கிறவரிடம் படத்தைச் சேர்ப்பதுதான் முதல் வேலை.

இளைஞர் நண்பர்களே, நம் கிளைகள் ஒவ்வொரு ஆண்டும் குடும்ப தினம், சிறுவர் விளையாட்டு என்று நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த முறை செயலவைக் கூட்டத்தில் கொடி, தோரணம், சாப்பாடு என்று பொறுப்பு பிரிக்கும்போது இதையும் பேசுங்கள். படம் எடுப்பவர் கையில் ஓடுபவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். எடுத்தாகிவிட்ட பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டால் யார் விடுபட்டார் என்று மதியமே தெரிந்துவிடும். பொதுவில் போடுமுன் பிள்ளையையும் பெற்றோரையும் கேளுங்கள்; வேண்டாம் என்றால் ஏன் என்று நச்சரிக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் படம் போய்ச் சேரட்டும். போன் இல்லாத வீட்டுக்கு ஒரு பிரதி அச்சடித்துக் கொடுங்கள். கடையில் அதற்கு ஆகிற செலவு ஒரு தே தாரிக் விலைக்கு மேல் வராது.

இவ்வளவும் செய்தால் உலகம் மாறிவிடுமா என்றால், மாறாது. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த ஓர் அம்மா, சமையலறைச் சுவரில் ஒட்டிய ஒரு படத்தைக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரரிடம் "இது எம்பொண்ணு, ஸ்போர்ட்ஸ்ல ஓடறா" என்று சொல்வார். எத்தனையாவதாக வந்தாள் என்று அவர் கேட்டால், அதையும் சொல்லிக்கொள்வார்.